ஒன்பதாவது ஆள்

தூத்துக்குடி
20-1-2025

அன்புத் தங்கை ஆனிக்கு,

மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்துப் பதினெட்டு வருஷம் ஆனாலும் என் பேனாவுக்கு வருவது இந்தப் பெயர்தான். சேசுவின் இரக்கத்தால் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கும் தாய்மார்கள் சுகத்துக்கும் பனிமய மாதாவிடம் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். உன் அத்தான் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருக்கிறார். ஏப்ரலில் பாஸ்குத் திருநாளுக்குள் வந்துவிடுவார்.

இனி விஷயம். உங்கள் மடத்தில் போன் மட்டும் இருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன். பொங்கலுக்கு மூன்றாம் நாள் எங்கள் உப்பளத்து மைதானத்தில் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். லாரியில் உப்பு ஏற்றும் ஆம்பிளைகள் எட்டுப் பேர் ஒரு பக்கம். எதிரே நிற்க ஆளில்லை. எங்கள் சுடலைச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஏளா, வாங்க. நாம இழுப்போம்" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். மூன்று முறை இழுத்தோம், ஆனி. மூன்று முறையும் அவர்கள்தான் எங்கள் பக்கம் வந்து விழுந்தார்கள்!

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் உமாராணி ஓடி வந்தார். ஜூன் 29, இராயப்பர் திருநாளன்று மாவட்ட அளவில் பெண்களுக்கான போட்டியின் இறுதி ஆட்டமாம். "நான் பழக்கித் தாரேன், சேருதியளா?" என்றார். என்னைக் கயிற்றின் கடைசி ஆளாக நிறுத்தியிருக்கிறார். கடைசி ஆள்தான் நங்கூரமாம். பிறந்ததிலிருந்து என் எழுபத்தெட்டு கிலோவை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

எனக்கு நாற்பத்தேழு வயது. இதெல்லாம் வேண்டாத வேலையா? சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா அமலோற்பவம்


சிறுமலை அடிவாரம்
5-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. நானும் தாய்மார்களும் நலம். கிணற்றில் தண்ணீர் நிறையக் கிடக்கிறது. கொய்யாவை அணில் பாதி தின்றது, நாங்கள் பாதி தின்றோம்.

உன் கடிதத்தை உணவறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். லாரிக்காரர்கள் விழுந்த இடத்தில் மதர் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. வேண்டாத வேலையா என்று இன்னொரு தடவை கேட்டாயானால் உனக்காக வேண்டுவதை நிறுத்திவிடுவேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனி. கரைவலை இழுக்கும்போது அப்பா நம் இரண்டு பேரையும் கயிற்றில் சேர்த்துக்கொள்வாரே, அப்போது என்ன சொல்வார்? "கை வெறும் கொக்கிதான்ளா. இழுக்கது காலு." கையால் இழுக்கிறவள் முதலில் களைப்பாள். குதிகாலை மண்ணில் ஊன்று. முதுகை வளைக்காதே. எட்டுப் பேரும் ஒரே மூச்சாக இருக்க வேண்டும். அப்பா வலை இழுத்துக்கொண்டே அம்பா பாடியது பாட்டுக்காக இல்லை, மூச்சுக்காக. எதிரே இருப்பவர்கள் மூச்சை விடுகிற நேரம் பார்த்து இழுங்கள். மற்ற நேரம் நில்லுங்கள். நிற்பதுதான் பெரிய வேலை.

நானும் சும்மா இல்லை. பூசையில் கொடுக்கக் கோயில்களுக்கு அனுப்பும் ஓஸ்தி அப்பம் சுடுவது இப்போது என் பொறுப்பு. இரும்பு அச்சு எட்டு கிலோ. நாளைக்கு இருநூறு தடவையாவது தூக்கி வைக்கிறேன். விறகும் நான்தான் வெட்டுகிறேன். மாலையில் ஜெபத்துக்கு முழந்தாள் போடும்போது உடம்பில் ஒரு இனிமையான அசதி இருக்கும் பார், அதுவே பாதி ஜெபம். நான் அங்கே இருந்தால் உன்னைத் தள்ளிவிட்டுக் கடைசியில் நானே நின்றிருப்பேன்.

பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வருகிறது. பாஸ்கு வரை எங்களுக்குப் பதில் எழுத அனுமதி இல்லை. ஆனால் வருகிற கடிதத்தை மதர் தருவார். நீ எழுது. ஒன்று விடாமல் எழுது.

உன் ஆனி


தூத்துக்குடி
27-2-2025

அன்பு ஆனிக்கு,

சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம், உள்ளங்கையைத் தவிர.

அப்பா சொன்னதை அப்படியே எங்கள் ஆட்களிடம் சொன்னேன். உமாராணி டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார்! காலை ஐந்து மணிக்கே அளத்துக்கு வந்துவிடுகிறோம். வேலை தொடங்குமுன் முக்கால் மணி நேரம். ஒரு உடைமரத்தின் தூரில் கயிற்றைக் கட்டி எட்டுப் பேரும் இழுக்கிறோம். மரம் அசையவில்லை, ஆனால் நாளைக்கு நாள் நாங்கள் அசைவது குறைகிறது. எல்லாருக்கும் முன்னால் செல்லக்கிளி நிற்கிறாள். இருபத்து மூன்று வயது, காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். அவள் கால் மட்டும் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. அந்த ரகசியம் எனக்குத் தெரியும். பாத்தி மிதிக்கிறவள் அவள். உப்பு விளைய வைக்குமுன் பாத்தித் தரை இறுக வேண்டும் என்று சேற்றை நாள் முழுக்க மிதிப்போமே, அதில் ஊறிய கால்.

இன்னொன்று. எங்கள் அளத்தில் பெண்களுக்குக் கக்கூசும் இல்லை, ஒதுங்க நிழலும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனாலேயே விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறோம். நாலு வருஷமாகக் கேட்கிறோம். நேற்று முதலாளி வந்து நாங்கள் இழுப்பதைப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சிட்டு வாங்க. கக்கூசு என்ன, ஓடு போட்ட கொட்டகையே கட்டித் தாரேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுடலைச்செல்வி சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, கேட்டியளா? சாட்சி நீங்க" என்று மேஸ்திரி வீரபாகு அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆக, இனி இது விளையாட்டு இல்லை.

அன்புடன்
அக்கா


தூத்துக்குடி
16-3-2025

அன்பு ஆனிக்கு,

தபசு காலத்தில் உன் உடம்பை வருத்திக்கொள்ளாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்? கஞ்சியாவது வயிறாரக் குடி.

உப்பு விளைந்துவிட்டது. வாரும் பலகையைப் போட்டு இழுத்தால் வெள்ளையாகச் சுருண்டு வருகிறது. காலையில் ஒரே மூச்சில் இருபது இழுப்பு என்று தொடங்கினோம். இந்த வாரம் முப்பது. அடுத்த வாரம் நாற்பது. அதற்கு மேல் எட்டு மணி நேரம் உப்பு வேலை. செத்துவிடுவோம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. பதினைந்து நாளாக எனக்கு முதுகுவலியே இல்லை. தூக்கம் கல்லைப் போட்டதுபோல் வருகிறது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, ஆனி. இருபத்தாறு வருஷமாக இந்த உடம்பு இழுத்த இழுப்பெல்லாம் அம்பாரமாகக் குவிந்து லாரி ஏறிப் போய்விட்டது. கயிற்றில் இழுக்கும்போதுதான் என் பலம் எவ்வளவு என்று எனக்கே தெரிகிறது. எனக்கு இவ்வளவு பலம் இருந்திருக்கிறதே! ஒருவரும் சொல்லவில்லையே!

நீ பதில் எழுத முடியாது என்று தெரியும். பாஸ்குக்குப் பிறகு நீளமாக எழுது. சேர்த்து வைத்து எழுது.

அக்கா


சிறுமலை அடிவாரம்
27-4-2025

அக்காவுக்கு

பாஸ்கு வாழ்த்து.
நலம்.
கடிதங்கள் கிடைத்தன. மகிழ்ச்சி.
குதிகாலை ஊன்று.

ஆனி


தூத்துக்குடி
5-5-2025

ஆனிக்கு,

சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய்.

ஐம்பது நாள் காத்திருந்து தபால்காரரிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி உறையைப் பிரித்தேன். நாலு வரி. அதுவும் சிலேட்டில் எழுதப் பழகுகிற பிள்ளை எழுத்து. மணி அடித்துவிட்டது என்று நின்றுகொண்டே கிறுக்கினாயா? சுடலைச்செல்வி, "தங்கச்சி என்ன எழுதியிருக்கா, வாசி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "குதிகாலை ஊன்று" என்பதை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

ஜெப வீட்டில் இருக்கிறவளுக்குக் கயிறும் உப்பும் எழுதிக் குழப்புகிறேனோ என்னவோ.

இங்கேயும் நல்ல சேதி இல்லை. கல்லூரிப் பெண்களோடு பயிற்சிக்காக இழுத்தோம். நடுவில் கயிறு வழுக்கி என் இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டன. நான் விட்டேன், எல்லாரும் விழுந்தார்கள். மறுநாள் உப்புத் தண்ணீரில் கை வைத்தபோது கண்ணில் பொறி பறந்தது. வேறு ஆளைப் போடுங்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

அமலோற்பவம்


சிறுமலை அடிவாரம்
22-5-2025

அன்பு அக்கா,

நலம். கோபப்படாதே.
விலகாதே. கை ஆறும். தோல் தடிக்கும்.
கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் விழுந்தால் என்ன? எழுந்தாயா? அதை எழுது.
இன்னும் எழுத ஆசை. நேரம் போதவில்லை.
எத்தனை இழுப்பு என்று ஒவ்வொரு தடவையும் எழுது. மறக்காதே.

ஆனி


தூத்துக்குடி
31-5-2025

ஆனிக்கு,

நேரம் போதவில்லையா? எனக்கு மட்டும் ஆண்டவர் நாளைக்கு முப்பது மணி நேரம் கொடுத்திருக்கிறாரா? எட்டு மணி நேரம் வெயிலில் உப்பு வாரி, கயிறு இழுத்து, வீட்டுக்கு வந்து குழம்பு வைத்து, அதற்குப் பிறகு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

சரி. சண்டையை மீதி வைக்கிறேன், ஏனென்றால் சேதி இருக்கிறது. எழுந்தோம்! விலகுகிறேன் என்று நான் சொன்னதை டீச்சர் காதிலேயே வாங்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு கைக்கும் துணி சுற்றிவிட்டார், அவ்வளவுதான். நேற்று அரையிறுதி. எதிரே அதே கல்லூரிப் பெண்கள். இரண்டே இழுப்பில் முடித்துவிட்டோம். சுடலைச்செல்வி "ஏலே ஏலோ" என்று அம்பா எடுத்துக் கொடுக்க, எட்டுப் பேரும் அந்த மூச்சில் சாய்ந்தோம். மைதானமே எழுந்து நின்றது. ஒரு கிழவர் துண்டைச் சுழற்றி வீசினார், அது நடுவர் தலையில் போய் விழுந்தது.

இறுதியில் போலீஸ்காரப் பெண்களோடு மோதுகிறோம். மூன்று வருஷமாகத் தோற்காதவர்கள்.

கேட்டாயே: ஒரே மூச்சில் அறுபது இழுப்பு. எதற்கு உனக்கு இந்தக் கணக்கு?

அக்கா


சிறுமலை அடிவாரம்
14-6-2025

என் அன்பு அக்காவுக்கு,

ஆண்டவர் உன் கால்களைப் பாறைமேல் நிறுத்துவாராக. உட்கார்ந்துகொண்டு வாசி. கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இதை நான் ஜூன் நாலாம் தேதி எழுதத் தொடங்கினேன். இன்று பதினாலு.

மார்ச் பதினொன்றாம் தேதி காலை அப்ப அச்சைத் தூக்கப் போனேன். கை தூக்கவில்லை. என்ன இது என்று பார்ப்பதற்குள் தரையில் கிடந்தேன். ரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டதாம். வலது கை, வலது கால், பாதி வாய், மூன்றும் போய்விட்டன. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று மதரிடம் கெஞ்சியது நான்தான். கோணின வாயோடு கெஞ்சியதால் நான் சொல்வது அவருக்கு விளங்கவே பத்து நிமிஷம் ஆனது. சொல்லியிருந்தால் நீ கயிற்றைப் போட்டுவிட்டு அன்றைக்கே ஓடி வந்திருப்பாய். எனக்கு நீ கயிற்றில் இருக்க வேண்டியிருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்து, நாளைக்கு இருபது தடவை அழுத்துங்கள் என்றார்கள். ஒரு விரல்கூட அசையவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். அன்று உன் கடிதம் வந்தது. கூட இருந்த சகோதரி வாசித்தார். இருபது, முப்பது, நாற்பது என்று எழுதியிருந்தாய். திரும்பிப் படுத்தேன். பந்தைக் கொடுங்கள் என்றேன். உடைமரம் அசையாவிட்டாலும் நீங்கள் இழுத்தீர்களே, அதுபோல் அசையாத விரலை நானும் இழுத்தேன். நீ முப்பது என்றால் எனக்கு முப்பது. நாற்பது என்றால் நாற்பது. உன் உள்ளங்கை உரிந்தது என்ற கடிதம் வந்த வாரம் என் சுண்டுவிரல் மடங்கியது. அறுபது என்று எழுதினாயே, பாதகத்தி, இரண்டு நாள் கண்ணீர் விட்டுக்கொண்டே செய்தேன்.

இடது கையால் எழுதவும் பழகினேன். பாஸ்குக் கடிதம் உனக்கு நாலு வரி. எனக்கு ஒன்பது நாள். நேரம் போதவில்லை என்று எழுதியது பொய் இல்லை, அக்கா.

உங்கள் கயிற்றில் எட்டுப் பேர் இல்லை. ஒன்பது பேர்.

29-ஆம் தேதிக்கு முன்னால் இங்கே வந்தால் நான் உன்னைப் பார்க்க மாட்டேன். சத்தியம்.

உன் ஆனி


தூத்துக்குடி
18-6-2025

ஏளா ஆனி,

நீ நல்லா இருப்பியா? என்னை விட்டுவிட்டு நீ மட்டும் இப்படிக் கிடந்திருக்கிறாயே. எத்தனை ஏச்சு எழுதினேன் நான். சிலேட்டு எழுத்து என்றேனே. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இல்லை, கிழிக்காதே, எனக்குத் தண்டனையாக இருக்கட்டும்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்விட்டேன். சுடலைச்செல்வி பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்தாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். பஸ் நிலையத்தில் நின்றே வாசித்தாள். மூக்கைச் சிந்தினாள். "போவணும்னா போளா, நான் தடுக்கல. ஆனா அவ பாக்க மாட்டேன்னுல்லா எழுதியிருக்கா. போய்ச் சுவரையா பாக்கப் போற?" என்றாள். திரும்பிவிட்டேன்.

இன்று எழுபது. செய்யாதே. அறுபதோடு நிறுத்து.

இல்லை, உன் இஷ்டம்.

அக்கா


தூத்துக்குடி
2-7-2025

அன்பு ஆனிக்கு,

உன் கை சுகமா, கால் சுகமா, வாய் சுகமா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். தனித்தனியாகப் பதில் எழுது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றோம். ஆனால் எப்படித் தோற்றோம் என்று கேள்!

முதல் இழுப்பு முக்கால் நிமிஷத்தில் போனது. பூட்ஸ் காலும் ஒரே உயரமுமாக எட்டுப் பேர். சுவரை இழுப்பதுபோல் இருந்தது. இரண்டாவதில் நாங்கள் இழுக்கவே இல்லை. நீ சொன்னபடி நின்றோம். அவர்கள் இழுத்து இழுத்து மூச்சை விட்ட நேரத்தில் சுடலைச்செல்வி குரல் கொடுத்தாள். ஒரே சாய்ப்பு. வந்துவிட்டார்கள்! செல்லக்கிளி கயிற்றை விடாமலேயே குதித்தாள்.

மூன்றாவது இழுப்பு நாலு நிமிஷம் பத்து விநாடி. டீச்சர் கடிகாரத்தில் பார்த்தது. கயிறு அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. கூட்டத்தின் சத்தம் முதலில் காதை அடைத்தது. பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஏழு முதுகும் ஒரே முதுகாக ஏறி இறங்கின. என் பின்னால் யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் மடங்கியது என் முழங்கால்தான். மறைக்க மாட்டேன். உன்னை நினைத்துக் கலங்கியதால் என்று எண்ணாதே. உன்னை நினைத்ததால்தான் மூன்றாவது நிமிஷத்தைத் தாண்டினேன். அதற்குமேல் அந்தக் காலில் ஒன்றுமே மிச்சமில்லை, அவ்வளவுதான். அப்படி ஒன்றும் மிச்சமில்லாமல் விழுவது எவ்வளவு சுகம் என்று அந்த மண்ணில் கிடந்தபோது தெரிந்தது.

போலீஸ்காரர்களும் விழுந்து கிடந்தார்கள். அவர்கள் தலைவி எழுந்து வந்து என்னைத் தூக்கிவிட்டு, "அக்கா, நீங்கல்லாம் என்ன சாப்பிடுதிய?" என்றாள். "உப்பு" என்றாள் சுடலைச்செல்வி.

முதலாளி, "தோத்துட்டியளே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எட்டுப் பேரும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக மேட்டில் நின்றோம். வீரபாகு அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"யாரக் கேட்டுத் தோண்டுதிய?"

"தோத்ததுக்குத் தண்டனை அண்ணாச்சி. எங்க கக்கூசுக்கு நாங்களே குழி தோண்டுதோம்" என்றாள் சுடலைச்செல்வி.

ஆறரைக்குள் இடுப்பளவுக் குழி. பக்கத்து அளத்துப் பெண்களும் வேலைக்குப் போகிற வழியில் நின்று ஆளுக்குப் பத்து வெட்டு வெட்டினார்கள். முதலாளி வந்தார். குழியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். நேற்று மத்தியானம் ஒரு லோடு செங்கல் வந்து இறங்கியது!

இனி என்னைத் தடுக்க உனக்குக் காரணம் இல்லை. எப்போது வர?

அக்கா


சிறுமலை அடிவாரம்
9-7-2025

அன்பு அக்காவுக்கு,

கை பரவாயில்லை. கால் தரையை உரசுகிறது, ஆனால் போகிறது. வாய் உன்னை ஏசும் அளவுக்குச் சுகம்.

மதர் உன் கடிதத்தை உணவறையில் வாசித்தார். செங்கல் வந்த இடத்தில் எண்பது வயது தாயார் ஒருவர் மேசையைத் தட்டிவிட்டார், மௌன நேரத்தில்!

ஜூலை இருபது, ஞாயிறு, பத்து மணி. ஒரு மணி நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். கருவாடு கொண்டுவராதே, மடமே மணக்கும். கொஞ்சமாகக் கொண்டுவா.

உன் ஆனி


திண்டுக்கல் பஸ் நிலையம்
20-7-2025, பகல்

ஆனிக்கு,

உன்னிடம் விடைபெற்று இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகவில்லை. தூத்துக்குடி பஸ் வர நேரம் இருக்கிறது. பெட்டிக்கடையில் ஒரு தாளும் பேனாவும் வாங்கி மடியில் வைத்து எழுதுகிறேன். இதை எழுதாமல் ஊருக்குப் போக முடியாது.

நீ வருமுன் அந்த அறையில் நான் என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால், தூரத்தில், ஒரு கால் ஊன்றும் சத்தம். பிறகு ஒரு கால் உரசும் சத்தம். யாரோ ஒரு தாயார் "பிடிக்கட்டுமா?" என்றார். "வேண்டாம்" என்றாய். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் ஊன்றல், உரசல். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஓடி வந்து தூக்க எனக்கும் உனக்கும் நடுவில் இரும்புக் கம்பி. குதிகாலை ஊன்றிக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய?

திரை விலகியதும் நீ சொன்ன முதல் வார்த்தை, "மெலிஞ்சிட்டியேக்கா, கடைசி ஆளுக்கு இது ஆவாது." அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நாம் அழவே இல்லை, கவனித்தாயா? சிரிக்கவே நேரம் போதவில்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்காக. மணி அடித்ததும் நீ வலது கையைக் கம்பி வழியாக நீட்டினாய். "பிடிக்கா. இழுப்போம்" என்றாய். பிடித்தேன். நாலு விரல் என் கையை மெல்ல மூடியது. இழுத்தாய். என் கை உன் பக்கம் ஒரு சாண் நகர்ந்து முழங்கை கம்பியில் இடித்தது. நீ என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாய். மதர் திரையை மூடிவிட்டார்.

அந்தப் பார்வை என்ன கேட்டது என்று பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. அக்கா விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தங்கச்சிக்காரி பாவம் என்று கையைத் தளர விட்டுவிட்டேன் என்று நினைக்கிறாய்.

இல்லை, ஆனி. அத்தான்மேல் சத்தியம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு நிமிஷம் போலீஸ்காரிகளைப் பிடித்து நிறுத்திய அதே காலைத்தான் தரையில் ஊன்றியிருந்தேன்.

நீதான் இழுத்தாய். நான் வந்தேன்.

அக்கா
அமலோற்பவம்